கர்ணன், வயது 41

கூடலூர்
12 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாகு எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் பனிக்கு மட்டும் வலிக்கிறது. உன் சளி விட்டதா என்று தெரியவில்லை. போனில் கேட்டால் விட்டுவிட்டது என்றுதான் சொல்வாய்.

தினமும் போனில் பேசும்போது மெயிலில் எதற்கு இவ்வளவு நீளம் என்று நினைக்காதே. போன் அம்மாவின் கையில் இருக்கிறது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "அங்கன பனி பெய்யுதாய்யா" என்று கேட்டு முடிப்பதற்குள் உன் ஷிஃப்ட் வந்துவிடுகிறது. இதுவரை நம் கேமின் ஃபைலை அனுப்பி "உன் முறை" என்று ஒரு வரி எழுதினால் போதுமாக இருந்தது. இந்த முறை போதவில்லை.

நேற்று இ-சேவை மையத்தில் சர்வர் இல்லை. சான்றிதழுக்கு வந்தவர்கள் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். நான் மடிக்கணினியில் நம் கேமைத் திறந்தேன். பக்கத்து நாற்காலி மகிமா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது, மார்க் லிஸ்ட்டா?"

"கேம்."

"கேம்னா ஓடணும், சுடணும். இதுல ஒரு பொம்மையக் காணோம்."

"பேஸ்பால். யாரு எறியணும், யாரு அடிக்கணும்னு நம்ம சொல்லணும். மிச்சத்த அதுவே ஆடி, என்ன நடந்துச்சுன்னு எழுதிக் காட்டும்."

"அப்ப நீ ஆடவே மாட்டியா?"

"மாட்டேன்."

"உனக்குன்னே செஞ்ச கேம்டி" என்றாள். பிறகு திரையில் விரலை வைத்து, "யாரு இந்தக் கர்ணன்? உங்கப்பா பேரு" என்றாள். அதே பேர் என்று மட்டும் சொல்லி மூடிவிட்டேன்.

அப்பா போய் நாற்பது நாள்கூட ஆகாத அந்தச் சாயங்காலம் எனக்கு நினைவிருக்கிறது. பேஸ்பால் தெரிந்தால் ஜப்பான்காரர்களோடு பேச ஒரு பேச்சு கிடைக்கும் என்று உன் மொழி வகுப்பு வாத்தியார் சொன்னதற்காக இதை இறக்கியிருந்தாய். அரசு கொடுத்த என் பழைய மடிக்கணினியில் வேறெந்த கேமும் ஓடாது, இது ஓடியது. அணிகளுக்குக் கூடலூர், கம்பம், போடி, குமுளி என்று நம் பக்கத்து ஊர்களை வைத்தாய். அப்பாவின் டிரைவிங் லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு புது ஆட்டக்காரரைச் சேர்த்தாய். கர்ணன். பிறந்த தேதி 1-6-1974. வலது கை. பந்து எறிபவர். ஆண்டு 1996, அப்பா முதலில் ஜீப் எடுத்த வருடம்.

கேமில் பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. அப்பா 204 ஆட்டம் ஜெயித்துவிட்டார். 2015 சீசனுக்கு அணியைத் தயார் செய்துகொண்டிருந்தபோது நேற்று ஒரு செய்தி வந்தது: "கர்ணன், வயது 40, இந்த சீசனின் முடிவில் ஓய்வு பெறுவது பற்றி யோசித்துவருகிறார்."

என்ன செய்வது என்று எழுது. ஃபைல் இதனுடன் இருக்கிறது. கேமின் ஏப்ரல் மாதம் உன்னுடையது, ஆடிவிட்டு அனுப்பு.

ஸ்வெட்டரைத் தூங்கும்போதும் கழற்றாதே.

உன் தங்கை,
நாகஜோதி


ஜப்பான்
26 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சி நாகுவுக்கு,

சுருளி நலம். சளி உண்மையிலேயே விட்டுவிட்டது. அறையில் என்னோடு இருக்கும் வியட்நாம்காரன் இஞ்சியும் எதுவோ ஒரு வேரும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தான். அம்மாவின் கஷாயம் இதைவிடக் குடிக்கும்படி இருக்கும் என்று அம்மாவிடம் சொல்.

ஓய்வு பற்றி இப்போதே அழுதுவிடாதே. அது "யோசித்துவருகிறார்" என்றுதானே சொல்கிறது. அந்த கேம் போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் எதையாவது யோசித்தது. அப்பாவை ஆறு நாளைக்கு ஒரு முறை மட்டும் எறியவிடு. ஐந்து நாள் ஓய்வு இருந்தால் நாற்பது வயதுக் கைக்கு ஒன்றும் ஆகாது. ஏப்ரலில் மூன்று வெற்றி, ஒரு தோல்வி. கம்பத்துக்கு எதிராக ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை.

உன்னிடம் ஒரு கதை சொல்ல வேண்டும். எங்கள் தொழிற்சாலையின் லைன் மேற்பார்வையாளர் ஓனோவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, அறுபது வயதுக்காரர். திங்கள்கிழமை காலை என்றால் முந்தின நாள் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றித்தான் முதலில் பேசுவார். போன வாரம் உன் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். இறந்துவிட்டார் என்பதற்கு ஜப்பானியத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது வாயில் வரவில்லை. "பிட்சர்", பந்து எறிபவர், என்று சொல்லிவிட்டேன். எத்தனை வெற்றி என்றார். இருநூற்று நான்கு என்றேன். மனிதர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றி, இடுப்பு வரை குனிந்து வணக்கம் வைத்தார். இனி எப்படி மாற்றிச் சொல்வது? இப்போது கேண்டீனில் எனக்கு மீன் ஒரு துண்டு கூடுதலாக விழுகிறது.

நவம்பரில் மூன்று வருட ஒப்பந்தம் முடிகிறது. வந்துவிடுவேன். வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து 2016ஐ ஆரம்பிக்கலாம்.

மே உன்னுடையது.

அண்ணன்,
சுருளிராஜன்


கூடலூர்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு இருவரும் சுகம். நீ சுகமாக இருப்பதை உன் கடிதத்தின் நீளத்திலேயே தெரிந்துகொண்டேன். மீன் துண்டைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை.

மே முடிந்தது. அப்பா இரண்டு ஆட்டம் ஜெயித்தார். மூன்றாவதும் ஜெயித்திருக்க வேண்டும். குமுளி மைதானத்துக்கு நீ கேமில் வைத்த மழை அதைக் கெடுத்தது. ஐந்தாவது இன்னிங்ஸில் நிறுத்தி, மறுநாள் இரண்டு ஆட்டமாக வைத்து, யாருக்கும் ஓய்வில்லாமல் போனது.

எனக்கு இந்தக் கேமில் பிடிக்காத இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, நான் ஒரு நிமிடம் கவனிக்காவிட்டால் அதுவே பயிற்சியாளர் வேலையை எடுத்துக்கொண்டு, நன்றாக எறிந்துகொண்டிருக்கும் அப்பாவை ஏழாவது இன்னிங்ஸில் வெளியே கூப்பிட்டுவிடுகிறது. இன்னொன்று, அது காரணம் சொல்வதில்லை. ஐந்து ஆட்டமாக மட்டையில் பந்தே படாத நம் அணி விஜய்பாண்டி ஆறாவதில் ஏன் மைதானத்துக்கு வெளியே அடித்தான்? எண்ணைத்தான் காட்டும்.

பிடித்ததும் ஒன்று உண்டு. படம் இல்லாததால் அப்பாவின் முகத்தை அது கெடுக்கவில்லை. "கர்ணன் எறிகிறார். ஸ்ட்ரைக். கர்ணன் எறிகிறார்." இவ்வளவுதான் வரும். காக்கிச் சட்டையையும் கழுத்துத் துண்டையும் நான் போட்டுக்கொள்கிறேன். யார் சொல்லியும் தராமல் அது அவருக்குப் "பேராசை: மிகக் குறைவு" என்று எழுதியிருக்கிறது பார். அதற்காகவே பல குற்றங்களை மன்னிக்கலாம்.

வரிகளை வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, "யாருக்குடி மந்திரம் ஓதுற?" என்றது. "ஆபீஸ் வேலைம்மா" என்றேன். "ஆபீஸ் வேலைக்கா சிரிக்கிற?" மடிக்கணினியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அப்பா இங்கே எறிந்துகொண்டிருப்பது நம் இருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

மையத்தில் எனக்கு வாய் பேச வேலையில்லை. பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி. அவ்வளவுதான் கேட்கிறேன். வீட்டுக்கு வந்தால் நீ இல்லாத நாற்காலியில் மடிக்கணினியை வைக்கிறேன்.

ஜூன் உன்னுடையது. சீக்கிரம் அனுப்பு.

நாகு


ஜப்பான்
6 ஏப்ரல் 2025

அன்பு நாகுவுக்கு,

நலம். உங்கள் நலத்துக்கு வேண்டுகிறேன். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே வேலை அதிகம். ஓவர்டைம்.

ஜூன் ஆடிவிட்டேன். சரியாக வரவில்லை.

அம்மாவிடம் பணம் வழக்கம்போல வரும் என்று சொல். ஒரு வாரம் முன்பின் ஆகலாம்.

சுருளி


கூடலூர்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா நலம், நான் நலம். நீ நலம் என்று எழுதியிருந்தாய். ஏழு வாரம் கழித்து வந்த கடிதத்தில் அந்த ஒரு சொல்தான் முழுதாக இருந்தது.

ஜூனைப் பார்த்தேன். அப்பா நான்கு முறை தோற்றிருக்கிறார். ஒரு முறை இரண்டே நாள் ஓய்வில் எறியவைத்திருக்கிறாய். நீ செய்யவில்லை, கேமைத் தானாக ஓடவிட்டிருக்கிறாய். அது தன் பதிவில் எழுதி வைத்திருக்கிறது. மூன்று வருடத்தில் நீ அப்படி விட்டது இதுதான் முதல் முறை. கோபித்துக்கொள்ளவில்லை. ஜூன் ஒன்றாம் தேதி அவருக்கு நாற்பத்தொன்று ஆனதை நீ கவனித்திருக்கக்கூட மாட்டாய் என்பதுதான் வருத்தம்.

அந்தப் பதிவில் உன் கணினியின் நாளும் நேரமும்கூட விழுந்திருக்கிறது. முன்பெல்லாம் ஞாயிறு மாலையில் ஆடுவாய். இப்போது செவ்வாய், காலை பத்து நாற்பது. வியாழன், மதியம் இரண்டு. ஷிஃப்ட் மாற்றிவிட்டார்களா? கேண்டீனில் மீன் இப்போதும் கிடைக்கிறதா? ஓனோ எப்படி இருக்கிறார்?

இங்கே ஒரு வேடிக்கை. அக்கம்மாள் என்று ஒரு அம்மா முதியோர் உதவித்தொகைக்கு வந்தது.

"பெறந்த தேதி என்னம்மா?"

"அத நீதான ஆத்தா சொல்லணும். கம்ப்யூட்டர்ல இருக்கும்ல."

"வயசாச்சும் சொல்லுங்க."

"பென்சனுக்கு என்ன வயசு வேணும்?"

"அறுவது."

"அறுவதுன்னே போடு. அதுக்கு மேல எனக்கு வேணாம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. எனக்கு அன்றுதான் ஒன்று பட்டது. நான் டைப் செய்யும் பிறந்த தேதிகளில் பாதிக்கு மேல் மே, ஜூன் மாதங்களில் இருக்கின்றன. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லாரும் கோடையில் பிறந்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து ஐந்து வருடத்தைக் கழித்துத் தலைமையாசிரியர் எழுதிய தேதிகள் அவை. அப்பாவுடையதும் ஜூன் ஒன்றுதான்.

ஜூலை ஆடிவிட்டேன். ஒரு வெற்றி. ஆகஸ்ட் உன்னுடையது. அவரை ஓய்வோடு எறியவிடு.

நாகு


ஜப்பான்
18 மே 2025

அன்பு நாகுவுக்கு,

நலமே. இரவு ஷிஃப்ட் கொடுத்திருக்கிறார்கள், அதனால் பகலில் ஆடுகிறேன். ஓனோ நலம். கேண்டீன் நலம். நீ கேட்ட எல்லாமே நலம்.

ஆகஸ்டில் அப்பாவை ஒரு ஆட்டத்திலும் இறக்கவில்லை. பெஞ்சில் உட்காரவைத்துவிட்டேன். செப்டம்பர் உன்னுடையது. நீயும் இறக்காதே. சீசன் முடியட்டும், ஓய்வு பெறட்டும். கை போன பிறகு ஒருவனை மைதானத்தின் நடுவில் நிறுத்தி எல்லாரும் பார்க்கும்படி வைப்பது நல்லதில்லை.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

சுருளி


கூடலூர்
15 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே சாரல். அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் உடம்பைப் பற்றி இந்தக் கடிதத்தின் கடைசியில் கேட்கிறேன்.

செப்டம்பரை நான் இன்னும் ஆடவில்லை. ஃபைல் ஆகஸ்ட் முப்பத்தொன்றில் நிற்கிறது.

போன ஞாயிறு கடமலைக்குண்டுக்கு மலையம்மாள் அத்தையைப் பார்க்கப் போனேன். அப்பாவின் அக்காவாவது உண்மையான தேதி சொல்லும் என்று நினைத்தேன். அத்தை தேங்காய் துருவிக்கொண்டே சொன்னது:

"அந்தக் காலத்துல வயசுக்கு ஏதுடி சீட்டு? வலது கையத் தலைக்கு மேல கொண்டுபோயி எடது காதத் தொடச் சொல்லுவாக. தொட்டா அஞ்சு வயசு, தொடாட்டி அடுத்த வருசம் வா. உங்கப்பன் பள்ளிக்கூடம் சேர வரல. நான் போறேன்னு பின்னாடியே அழுதுக்கிட்டு வந்தான். வாத்தியாரு சும்மா வெளாட்டுக்குத் தொடுறான்னாக. இவன் காதத் தாண்டித் தாடையத் தொட்டான்."

"அப்ப அப்பாவுக்கு என்ன வயசு அத்தை?"

"மூணு. கையி மட்டும் அம்புட்டு நீளம். வாத்தியாரு சிரிச்சுக்கிட்டே அஞ்சுன்னு எழுதிட்டாக. என்னைய விட அஞ்சு வயசு எளையவன்டி அவன். எனக்கு சாதகம் இருக்குல்ல."

பெட்டியிலிருந்து ஜாதகத்தை எடுத்துக் காட்டியது. அத்தை 1971. அப்படியென்றால் அப்பா 1976.

பஸ்ஸில் திரும்பும்போது முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கேமில் தேதியைத் திருத்தினால் அவருக்கு முப்பத்தொன்பதுதான். இன்னும் இரண்டு சீசன் கிடைக்கலாம். க.விலக்கு நிறுத்தம் தாண்டியபோதுதான் மறுபக்கம் உறைத்தது. நாம் அப்பா நாற்பத்தேழு வயதில் போனார் என்று எல்லா இடத்திலும் எழுதினோம். நாற்பத்தைந்து அண்ணே. குமுளி மலைப் பாதையில் ஜீப்பை ஓரம்கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பின்னால் இருந்த தோட்ட வேலைப் பெண்கள் அத்தனை பேரையும் பத்திரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்தாரே, அப்போது அவருக்கு நாற்பத்தைந்து. இதை அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன்.

தேதியைத் திருத்த கேம் பாஸ்வேர்டு கேட்கிறது. நீ வைத்தது. அனுப்பு.

இப்போது உன் உடம்பு. ஆகஸ்டை நீ மதியம் மூன்று மணிக்கும் ஆடியிருக்கிறாய், இரவு இரண்டு மணிக்கும் ஆடியிருக்கிறாய். இரவு ஷிஃப்ட் போகிறவன் இரவு இரண்டு மணிக்கு எப்படி ஆடுவான்? மார்ச்சிலிருந்து நீ வீடியோவில் பேசும்போது நான் அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். வலது கையால் போனைப் பிடிக்கிறாய். வலது கையால் தலையைச் சொறிகிறாய், அப்போது போனை எதன்மீதோ சாய்த்துவைக்கிறாய். மூன்று மாதமாக உன் இடது கையை நான் பார்க்கவில்லை.

நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் சொல்.

நாகு


கூடலூர்
20 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம்.

ஐந்து வாரம் ஆகிவிட்டது. போனில் பேசும்போது கேமரா ஓடவில்லை என்கிறாய். அம்மா நம்புகிறது. "அங்கன போனக்கூட நல்லதா விக்க மாட்டேங்கிறாகளா" என்று கேட்கிறது.

காற்று ஆரம்பித்துவிட்டது. வாசல் கதவை உள்ளே கல் வைத்துச் சாத்துகிறோம். நம் கூடலூர் மைதானத்துக்கு நீ ஆடிக் காற்று வைத்தாயே, கணவாயிலிருந்து அடித்து எதிராளி அடிக்கும் பந்தைத் திரும்ப உள்ளேயே தள்ளும்படி. அதை நினைத்துக்கொண்டேன்.

தினமும் மையத்திலிருந்து வந்து ஃபைலைத் திறக்கிறேன். ஆகஸ்ட் 31. அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த நாள் என்ற பொத்தானை அழுத்தாமல் மூடிவிடுகிறேன். அழுத்தினால் ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும். அழுத்தாவிட்டால் இப்படியே இருக்கும். இரண்டும் நன்றாக இல்லை.

பாஸ்வேர்டுகூட வேண்டாம். இரண்டு வரி எழுது.

நாகு


ஜப்பான்
24 ஆகஸ்ட் 2025

அன்பு நாகுவுக்கு,

நலம் என்று ஆரம்பிக்காமல் எழுத முயல்கிறேன்.

மார்ச் நான்காம் தேதி பிரஸ் இயந்திரத்தில் என் இடது கை மாட்டியது. சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன. மற்றது எல்லாம் இருக்கிறது. ஆறிவிட்டது. சிகிச்சைச் செலவு முழுவதையும் இன்சூரன்ஸ் பார்த்துக்கொண்டது, சம்பளத்திலும் பாதிக்கு மேல் வருகிறது. அதனால்தான் பணம் முன்பின் ஆனது. ஐந்து மாதமாக வேலைக்குப் போகவில்லை. அறையில் இருக்கிறேன். வியட்நாம்காரன் காலையில் போனால் இரவு வருவான். அதுவரை ஜன்னலும் நானும்.

கேமைத் தானாக ஓடவிட்டது வலியால் இல்லை. மவுஸைப் பிடிக்க வலது கை போதும். "கர்ணன் எறிகிறார்" என்ற வரியைப் பார்க்க முடியவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். கிளம்பிய அன்று மதுரை விமான நிலையத்தில் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னது. "காசு பணம் கெடக்கட்டும், போற மாதிரியே வந்துரு." நீ தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தாய். அப்படி வர முடியாது என்று ஆன பிறகு, வருவதைப் பற்றிப் பேசவே தோன்றவில்லை.

ஓனோ மருத்துவமனைக்கு வந்தார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது ஒரு பையைக் கொடுத்தார். உள்ளே பழைய பேஸ்பால் கையுறை. பள்ளிக்கூட நாளில் அவர் போட்டது. "உன் அப்பாவுக்கு" என்றார். அப்பா இல்லை என்று அன்றும் சொல்ல முடியவில்லை. வலது கையால் எறிபவர் அதை இடது கையில் போட வேண்டும். அறைக்கு வந்து போட்டுப் பார்த்தேன். அதைப் போட்டுக்கொண்டால் விரல் இல்லாதது யாருக்கும் தெரியாது. சில நாள் அதைப் போட்டுக்கொண்டே தூங்கிவிடுகிறேன்.

நவம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. அனுப்பிய ஏஜென்சி வேறு ஊரில் பார்சல் கட்டும் வேலை இருக்கிறது, இன்னும் இரண்டு வருடம் இருக்கலாம் என்கிறது. அக்டோபர் பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். இரண்டு வருடத்தில் எனக்கும் பழகிவிடும்.

அப்பாவுக்கு நாற்பத்தைந்து என்பதைப் படித்துவிட்டு இரண்டு மாதம் உனக்கு எழுத முடியாமல் இருந்தேன். பாஸ்வேர்டு நம் ஜீப்பின் நம்பர், இடைவெளி இல்லாமல். திருத்திக்கொள். அம்மாவிடம் என்ன சொல்வது என்பதை உன்னிடம் விடுகிறேன். எனக்குத் தைரியம் இல்லை.

சுருளி


கூடலூர்
28 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா நலம். நான் நலம். நீ இருப்பதை அப்படியே எழுதினாய், அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று பத்து நாள் ஒத்திகை பார்த்தேன். கடைசியில் அம்மா அரிசி களையும்போது, அண்ணனுக்கு இயந்திரத்தில் கையில் அடி என்று சொன்னேன்.

"எந்தக் கையி?"

"எடது."

"எத்தன வெரலு?"

"ரெண்டு."

"சோறு திங்கிற கை இல்லல்ல" என்றது. களைந்த அரிசியை இன்னொரு முறை களைந்தது. பிறகு மூன்றாவது முறை. நான் உலையைக் காட்டினேன். அப்போதுதான் திரும்பியது.

"எப்ப நடந்துச்சு?"

"மார்ச்சுல."

"ஆறு மாசமா ஒத்தையில கெடந்தானா?" என்றது. அதற்கு மட்டும்தான் அழுதது. அப்புறம், நீ விமான நிலையத்தில் நடந்ததை எழுதியிருந்ததையும் சொன்னேன். "அது கெளம்புறப்ப எல்லாத் தாயும் சொல்றதுடி. அதப் போயி பாண்டு பத்திரம் மாதிரி வச்சுக்கிட்டானா? மிச்சம் எட்டு இருக்குல்ல. அதோட வரச் சொல்லு" என்றது. அப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

இனி கேம். பாஸ்வேர்டைப் போட்டேன். 1974ஐ அழித்து 1976 என்று அடித்தேன். மையத்தில் ஒரு நாளைக்கு நாற்பது தேதி திருத்துகிறேன், இதை மட்டும் மூன்று முறை சரிபார்த்தேன். திரையில் 41 போய் 39 வந்தது. வேறு எதையும் தொடவில்லை. பிறகு "அடுத்த நாள்" அழுத்தினேன்.

நீ இறக்காதே என்று சொல்லியும் அப்பாவை ஒரு ஆட்டத்தில் இறக்கினேன். கேமின் செப்டம்பர் 27, போடிக்கு எதிராக, நம் மைதானத்தில். ஏழாவது இன்னிங்ஸில் கேம் அவரை வெளியே எடுக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்றேன். எட்டாவதில் கேட்டது. வேண்டாம். கடைசியான ஒன்பதாவதில் போடியின் இரண்டு பேர் ஓடத் தயாராக நின்றார்கள். போடிக்காரன் தூக்கி அடித்தான். "பந்து உயரப் போகிறது. காற்று எதிர்க்கிறது. பிடிக்கப்பட்டது" என்று மூன்று வரி வந்தது. நீ வைத்த காற்று. 211ஆவது வெற்றி.

சீசன் முடிந்த மறுநாள் செய்தி வந்தது. "கர்ணன், வயது 39, ஓய்வு பெற்றார். கூடலூருக்காக மட்டுமே ஆடியவர்." இரண்டு வருடம் குறைத்தும் அவர் நிற்கவில்லை. எனக்குக் கேம் மீது அவ்வளவு கோபம் வந்தது. வயதைப் பார்த்துத்தான் அனுப்புகிறது என்று நாம் இத்தனை மாதம் நினைத்தோம். அது கையைப் பார்த்திருக்கிறது. போதும் என்று கைக்குத் தெரிந்திருக்கிறது. அணியின் பட்டியலில் அவர் பெயர் இருந்த இடத்துக்கு அடுத்த பெயர் ஏறி வந்துவிட்டது. மூடிவைத்தேன். நான்கு நாள் திறக்கவில்லை.

நேற்றுத் திறந்தேன். அணிக்குப் பந்துவீச்சுப் பயிற்சியாளர் இடம் காலி என்று சிவப்பில் ஒரு அறிவிப்பு. வேலை தேடுபவர்களின் பட்டியலைத் திறந்தால் இருபத்தாறு பேர். பதினான்காவது வரி: கர்ணன், வயது 39. அனுபவம்: இல்லை. கற்பிக்கும் திறன்: நன்று. சம்பள எதிர்பார்ப்பு: மிகக் குறைவு.

ஆட்டத்தை விட்டுப் போனவர்கள் இப்படித் திரும்பி வருவார்கள் என்பதை இந்தக் கேம் எங்கேயும் நமக்குச் சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேரை ஓய்வுக்கு அனுப்பினோம். ஒருவரைக்கூட அந்தப் பட்டியலில் தேடிப் பார்த்ததில்லை.

பெயருக்குப் பக்கத்தில் "வேலைக்கு எடு" என்ற பொத்தான் இருக்கிறது. நான் அழுத்தவில்லை. செப்டம்பர் என்னுடையது, அது முடிந்துவிட்டது. இனி உன் முறை. கேமை அடுத்த நாளுக்கு நகர்த்தினால்தான் போடியோ கம்பமோ அவரை எடுக்க முடியும். நான் நகர்த்த மாட்டேன். நீ வரும்வரை அப்பா அந்தப் பதினான்காவது வரியில் நின்றுகொண்டிருப்பார்.

ஏஜென்சிக்கு அக்டோபர் பதினைந்துக்குள் என்ன சொல்ல வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லித் தரப்போவதில்லை. ஓனோ கொடுத்த கையுறையைத் தபாலில் மட்டும் அனுப்பிவிடாதே. அவர் அதை அப்பாவுக்குத்தான் கொடுத்தார்.

உன் நாற்காலியிலிருந்து மடிக்கணினியை எடுத்து ஸ்டூலில் வைத்துவிட்டேன். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டிருக்கிறது.

இந்தக் கடிதத்துடன் ஃபைல் அனுப்பவில்லை. அது இங்கேயே இருக்கிறது.

உன் தங்கை,
நாகஜோதி